ஒரு வழக்கம் எப்போது சமூகப் பிரச்சினை ஆகிறது? யார் அதை முடிவு செய்கிறார்கள்?

சமூகவியல் தேர்வுக்குப் படிக்கிறவர் போலிருக்கிறது. பாடப்புத்தக விளக்கத்தை வேறு யாராவது எழுதுவார்கள். நான் சேலம் மாவட்டம் ஓமலூர் பக்கம், வீட்டில் மூன்றாவது பெண். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பெண் சிசுக்கொலை எங்கள் பக்கம் ஊரறிந்த விஷயம். நேற்றுப் பிறந்த பிள்ளை இன்று இல்லையென்றால் சீக்கு என்பார்கள், அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். கொலைக்குத் தண்டனைச் சட்டம் 1860-லிருந்தே இருந்தது. இருந்தும் அது அவரவர் வீட்டு விவகாரமாகத்தான் இருந்தது. 1986-இல் மதுரைப் பக்கம் உசிலம்பட்டியில் நடந்த சிசுக்கொலைகள் பற்றிப் பத்திரிகையில் வந்த பிறகுதான் நாடே பதறியது. வேண்டாத பெண் பிள்ளையைக் கொல்லாமல் அரசு வைத்த தொட்டிலில் விட்டுவிடலாம் என்ற தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992-இல் ஜெயலலிதா அரசு சேலத்தில்தான் தொடங்கியது.

எங்கள் ஆரம்ப சுகாதார நிலைய வராந்தாவிலும் ஒரு தொட்டில் வந்தது. இரும்புச் சட்டம், பச்சைத் துணி. தடுப்பூசி போட வரும் பெண்கள் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டார்கள். உற்றுப் பார்த்தால் பேச்சு கிளம்பிவிடுமே! என் அப்பாயி மட்டும் நின்று பார்த்துவிட்டு, "புள்ளைய வாங்கிக்கிறாங்க சரி, பவுன யாரு போடுவாங்க?" என்றார்.

கல்நெஞ்சுத் தாய்தான் பிரச்சினை என்றால் தொட்டில் வைத்தால் போதும். வரதட்சணைதான் பிரச்சினை என்றால் மாப்பிள்ளை வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். அதற்கும் 1961-லேயே சட்டம் வந்தாயிற்று, தட்டத்தான் ஆளில்லை. கைக்கு எட்டுகிறவர் யாரோ, அவர் தலையில்தான் பிரச்சினை விடிகிறது.

திட்டத்தைக் குறை சொல்கிறேன் என்று சண்டைக்கு வராதீர்கள். அதனால் பிழைத்த பிள்ளைகள் உண்டு, யார் மறுத்தார்கள்? ஆனால் 2001 கணக்கெடுப்பில் சேலத்தில் ஆறு வயது வரையிலான 1000 ஆண் பிள்ளைகளுக்கு 851 பெண் பிள்ளைகள்தான். அதற்குள் ஸ்கேன் வந்துவிட்டதே. கருவிலேயே பார்ப்பதைத் தடுக்க 1994-இல் சட்டம் போட்டும் இந்த நிலை. 2011-இல் 900-ஐத் தாண்டியது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு எரிச்சல் வேறு. சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், "சேலமா? கள்ளிப்பால் ஊராச்சே" என்று ஒருவர் சிரித்தார், பிறந்த பெண் பிள்ளைக்குக் கொடுத்துக் கொல்லும் கள்ளிச்செடிப் பாலைச் சொல்லி. மாம்பழம் என்றிருந்தால்கூடப் பரவாயில்லை. ஸ்கேன் செய்கிறவர்கள் நகரத்தில் படித்தவர்கள், அவர்கள் ஊருக்கு மட்டும் எந்தப் பட்டப்பெயரும் இல்லை. இந்தப் பதிலுக்குக் கீழேயும் நாலு பேர் கள்ளிப்பால் என்று வருவார்கள். வாருங்கள், நான் பதில் போடப் போவதில்லை.