ரெஸ்பெக்டட் சாரா, ஹாயா?

அன்புள்ள ஐயா,

வேலை நிமித்தமாக ஆங்கிலத்தில் நிறைய கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. பத்து வருடமாக எழுதுகிறேன், இன்னும் முதல் வரியிலேயே தடுக்கி நிற்கிறேன். போன மாதம் வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவரிடம் அவருடைய கட்டுரையின் பிரதி ஒன்று கேட்டு எழுதினேன். ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று தொடங்கி, ‘ஐ ஹம்ப்ளி ரிக்வெஸ்ட் யூ டு கைண்ட்லி’ என்று இழுத்து, ‘தேங்கிங் யூ’ என்று முடித்தேன். இரண்டே வரியில் பதில் வந்தது. ‘ஹாய்’ என்று என் பெயரைப் போட்டு, கட்டுரையை இணைத்து, கீழே தன் முதல் பெயரை மட்டும் எழுதியிருந்தார். என் மகள் இரண்டையும் படித்துவிட்டுச் சிரித்தாள். “அப்பா, இது லெட்டர் இல்ல, மனு” என்றாள்.

சரி, இனி இயல்பாக எழுதுவோம் என்று, அடுத்து ஓர் அறக்கட்டளைக்கு நிதியுதவி பற்றி விசாரித்து எழுதியபோது ‘ஹாய் தேர்’ என்று ஆரம்பித்து நண்பனிடம் பேசுவதுபோல எழுதினேன். அதற்குப் பதிலே வரவில்லை. எங்கே எப்படி எழுதுவது என்று எதை வைத்து முடிவு செய்வது? பேராசிரியருக்கு நன்றி சொல்லி இன்னும் எழுதவில்லை. நானும் ‘ஹாய்’ சொல்லலாமா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகள் சொன்னது சரிதான், அது மனுதான். ஆனால் அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை, தமிழில் யோசிக்கிற எவருக்கும் ஆங்கிலத்தில் இந்த இடத்தில் கை நடுங்கத்தான் செய்யும். ‘அனுப்பு’ என்பதற்கும் ‘அனுப்புங்கள்’ என்பதற்கும் நடுவில் நமக்கு ஒரு உலகமே இருக்கிறது. வினைச்சொல்லின் வாலிலேயே மரியாதை ஒட்டிக்கொண்டு வந்துவிடுவதால் அதைத் தனியாகத் தேட வேண்டியதே இல்லை. ஆங்கிலத்தில் ‘செண்ட்’ என்றால் செண்ட்தான். நீதிபதிக்கும் அதே, கூடப் படித்தவனுக்கும் அதே. அந்த மொட்டைச் சொல்லை ஒரு பெரிய மனிதருக்கு எழுதும்போது நமக்கு என்னவோ சட்டை போடாமல் வாசலில் போய் நிற்பதுபோல இருக்கிறது. உடனே கைக்குக் கிடைத்ததை எல்லாம் எடுத்துப் போர்த்திக்கொள்கிறோம். ரெஸ்பெக்டட், ஹம்ப்ளி, கைண்ட்லி எல்லாம் அப்படி வந்து சேர்ந்தவைதான். இல்லாத ‘ங்கள்’ விகுதிக்கு நாம் போடும் ஈடு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் நீயும் நீங்களும் தனித்தனியாக இருந்தன. ‘தவ்’ என்பது நீ, ‘யூ’ என்பது பலருக்கும் பெரியவர்களுக்கும் உரிய நீங்கள். 17ஆம் நூற்றாண்டுவாக்கில் தவ் பொதுப் பேச்சிலிருந்து தேய்ந்து, பிரார்த்தனையிலும் கவிதையிலும் சில வட்டார வழக்குகளிலும் மட்டும் ஒதுங்கிவிட்டது. அந்தச் சமயத்தில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர், கடவுள்முன் எல்லோரும் சமம், ஒருவருக்கு நீ ஒருவருக்கு நீங்கள் என்பதெல்லாம் கிடையாது என்று சொல்லி, பெரிய இடத்து ஆட்களையும் தவ் என்றே அழைத்தார்கள், அதற்காக வசவும் அடியும் வாங்கினார்கள். கடைசியில் சமத்துவம் வந்தது, ஆனால் எதிர்ப்பக்கமாக வந்தது. எல்லோரும் நீங்கள் ஆகிவிட்டார்கள். ஆகவே நீங்கள் ‘யூ’ என்று எழுதும்போதே மரியாதைச் சொல்லைத்தான் எழுதுகிறீர்கள். அதன்மேல் இன்னும் மூன்று சால்வை தேவையில்லை.

அப்படியானால் அந்த மொழிக்காரர்கள் பணிவை எங்கேதான் வைத்திருக்கிறார்கள்? பெரும்பாலும் வாக்கியத்தின் அமைப்பில். ‘ஐ வாண்ட் டு ஆஸ்க்’ என்பது நேராக வந்து மோதும். ‘ஐ வாண்டட் டு ஆஸ்க்’ என்றால் ஒரு அடி தள்ளி நின்று கேட்பது. கேட்பது என்னவோ இப்போதுதான், ஆனால் வினை இறந்தகாலத்துக்குப் போய்விடுகிறது. ‘ஐ வாஸ் வொண்டரிங் இஃப்’ என்பது இன்னும் இரண்டு அடி தள்ளி. விநோதமாகத் தெரியலாம், ஆனால் இது நமக்குத் தெரியாத வித்தை இல்லை. ஒருவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டு “ஒரு உதவி கேட்கலாம்னு வந்தேன்” என்கிறோமே, அது என்ன காலம்? அதே வித்தைதான். ‘கேன் யூ’ வை ‘குட் யூ’ ஆக்குவதும் அதேதான். கட்டளையைக் கேள்வியாக்கி, கேள்வியைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்தால், எதிராளிக்கு மாட்டேன் என்று சொல்ல இடம் கிடைக்கிறது. அந்த இடம்தான் அங்கே மரியாதை.

இப்போது உங்கள் ‘கைண்ட்லி’யைப் பாருங்கள். ‘கைண்ட்லி செண்ட் மீ’ என்பதில் கட்டளை கட்டளையாகவே இருக்கிறது, தலையில் ஒரு பூவை வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். அதைவிட மோசம், இங்கிலாந்துக்காரர் பலருடைய காதில் அந்தச் சொல் பொறுமை இழந்தவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வதுபோல விழும். நாம் “கொஞ்சம் தயவு பண்ணி வாயை மூடுறீங்களா” என்போமே, அந்தத் தயவு. நீங்கள் குழைந்து எழுதியிருக்கிறீர்கள், அங்கே போய்ச் சேர்வது அதட்டல். (ப்ளீஸ் பரவாயில்லை. ஆனால் ஒரு கடிதத்துக்கு ஒன்று போதும்.)

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துக்கொள்ளலாம். முறையான ஆங்கிலம் என்றால் கனமான சொற்கள் என்று நாமாக ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். இந்தக் கணக்குக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1066இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்தபிறகு அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு உட்கார்ந்தது, படிப்பிலும் தேவாலயத்திலும் லத்தீன் ஏற்கெனவே இருந்தது, சமையலறையிலும் வயலிலும் பழைய ஆங்கிலம் கிடந்தது. அதனால் ஒரே காரியத்துக்கு மாடி மாடியாகச் சொற்கள். கீழ்த்தளத்தில் ஆஸ்க், முதல் மாடியில் க்வெஸ்சன், மொட்டை மாடியில் இன்டராகேட். பிகின், கமென்ஸ். பை, பர்ச்சேஸ். கடிதம் எழுத உட்கார்ந்தவுடன் நாம் நேராக மொட்டை மாடிக்கு ஓடிவிடுகிறோம். ஆனால் அங்கே குடியிருப்பவர்களே கீழே இறங்கி வெகுநாளாகிறது. 1948இலேயே எர்னஸ்ட் கவர்ஸ் என்ற பிரிட்டிஷ் அதிகாரி, அரசு ஊழியர்கள் தெளிவாக எழுதுவது எப்படி என்று அரசு கேட்டுக்கொண்டதன்பேரில் ஒரு சிறு நூல் எழுதினார். அமெரிக்காவில் 2010இல் அரசு அலுவலகங்கள் பொதுமக்களுக்குப் புரியும்படி எழுத வேண்டும் என்று சட்டமே போட்டுவிட்டார்கள். இன்று பிரிட்டிஷ் அரசின் இணையதளம் ‘யூ வில்’ என்பதைச் சுருக்கி ‘யூல்’ என்றே எழுதுகிறது. ‘கான்ட்’, ‘டோன்ட்’ போன்ற எதிர்மறைச் சுருக்கங்களைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். மரியாதைக்காக அல்ல, பலருக்கு வாசிக்கச் சிரமமாக இருக்கிறது என்பதற்காக.

சரி, எதை வைத்து முடிவு செய்வது? எழுதப்படுகிறவர் எவ்வளவு பெரியவர் என்று பார்த்துத்தான் நாம் முடிவு செய்கிறோம், தடுக்கி விழுவது அங்கேதான். நான் பார்ப்பது வேறு. இந்தக் கடிதத்தை அவரைத் தவிர வேறு யார் படிக்கப் போகிறார்கள்? பேராசிரியர் உலகப் புகழ் பெற்றவராகவே இருக்கட்டும், உங்கள் கடிதத்தை அவர் ஒருவர் படிப்பார், இணைப்பை அனுப்புவார், மறந்துவிடுவார். அது இரண்டு பேர் பேச்சு. அறக்கட்டளைக்கு எழுதியது அப்படியல்ல. முதலில் அதைத் திறப்பவர் ஒரு உதவியாளர், அவர் அதை இன்னொருவருக்குத் தள்ளுவார், அவர் கோப்பில் வைப்பார், மூன்று மாதம் கழித்து உங்களைப் பற்றி எதுவுமே தெரியாத நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து அதைப் பார்ப்பார்கள். இவர்களில் யாரிடம் நீங்கள் ‘ஹாய் தேர்’ சொன்னீர்கள்? முன்பின் பார்க்காத, இனிமேலும் பார்க்கப் போகாத ஆட்கள் கையில் போகிற கடிதத்துக்குத்தான் முறையான நடை. யார், எதற்காக எழுதுகிறார், என்ன வேண்டும், எப்போதுக்குள் வேண்டும் என்பது நடுவில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் தெரிய வேண்டும். ‘ஹாய் தேர்’ காரணமாகத்தான் அவர்கள் பதில் போடவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நண்பனிடம் பேசுவதுபோல எழுதினேன் என்கிறீர்களே, அந்தப் பேச்சில் உங்களுக்கு என்ன வேண்டும் என்பது எத்தனையாவது பத்தியில் வந்தது என்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

இன்னொன்று, முறையான நடை என்றாலே பாதுகாப்பு, கூடிப் போனாலும் தப்பில்லை என்று ஒரு நம்பிக்கை நமக்கு உண்டு. அது எனக்கே ஒருமுறை சூடு போட்டது. என் கதை ஒன்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஒரு பெண்மணியோடு சில மாதம் கடிதப் போக்குவரத்து இருந்தது. முதலில் இருவரும் முறையாகத்தான் எழுதினோம். மூன்றாவது கடிதத்தில் அவர் முதல் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டார், நானும் அப்படியே மாறிக்கொண்டேன். இடையில் ஒரு பத்தியில் எனக்குச் சந்தேகம் வந்தது. தவறு என்று சொல்லப் போகிறோமே, கொஞ்சம் மரியாதையாகச் சொல்வோம் என்று ‘டியர் மேடம்’ என்று ஆரம்பித்து, ‘ஐ வுட் லைக் டு பிரிங் டு யுவர் நோட்டீஸ்’ என்று எழுதி அனுப்பினேன். மறுநாளே பதில் வந்தது. பத்தியைப் பற்றி ஒரு சொல் இல்லை. ‘நான் ஏதாவது தவறு செய்துவிட்டேனா?’ என்று மட்டும் கேட்டிருந்தார். எனக்கு முதலில் புரியவே இல்லை. மரியாதையைக் கூட்டினால் யாராவது வருந்துவார்களா? அப்புறம்தான் உறைத்தது, “வாடா” என்று பேசிக்கொண்டிருந்த நண்பன் திடீரென்று “வாங்க, உட்காருங்க” என்றால் நமக்கு எப்படி இருக்கும்? ஒருவர் உள்ளே வரச் சொன்னபிறகு திரும்பி வாசலில் போய் நிற்பதற்கு அர்த்தம் கோபம்தான், எந்த மொழியிலும்.

அந்த அர்த்தத்தை வேண்டுமென்றே பயன்படுத்தியவர்களும் உண்டு. ஆங்கில அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சன், ஏழு வருடம் தன்னைத் திரும்பிப் பார்க்காமல் அகராதி வெளிவரப் போகிற நேரத்தில் புகழ்ந்து எழுதிய செஸ்டர்ஃபீல்ட் பிரபுவுக்கு 1755 பிப்ரவரியில் ஒரு கடிதம் எழுதினார். தண்ணீரில் ஒருவன் உயிருக்குப் போராடும்போது சும்மா பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவன் கரை சேர்ந்தபிறகு உதவுகிறேன் என்று வந்து தொல்லை கொடுப்பவர்தானே புரவலர் என்று கேட்டுவிட்டு, கீழே ‘தங்கள் மிகப் பணிவான, மிகக் கீழ்ப்படிதலுள்ள சேவகன்’ என்று அந்தக் காலத்து வழக்கப்படி கையெழுத்திட்டார். ஒரு வசவுச் சொல் கிடையாது. புகார்க் கடிதம் எழுத நேரும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். கோபமாக இருக்கும்போது இயல்பாக எழுதினால் அது சண்டை ஆகிவிடுகிறது, முறையாக எழுதினால் எதிராளியால் கோப்பில் வைக்காமல் இருக்க முடிவதில்லை.

தொடக்கம், முடிவுச் சொற்களைப் பற்றி ரொம்பக் கவலைப்படாதீர்கள், அது மனப்பாடம்தான். பிரிட்டிஷ் வழக்கில் பெயர் தெரியாமல் ‘டியர் சார் ஆர் மேடம்’ என்றால் கீழே ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’, பெயரைச் சொல்லி எழுதினால் ‘யுவர்ஸ் சின்சியர்லி’. அமெரிக்கர்களுக்கு இரண்டுக்கும் ‘சின்சியர்லி’ போதும். ‘டியர்’ என்றதும் நமக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, அன்பே என்று கூப்பிடுவதுபோல. கடிதத்தின் தலையில் அதற்கு அன்பு எல்லாம் கிடையாது, ஆடிட்டருக்கும் டியர்தான்.

உங்கள் பேராசிரியருக்கு ‘ஹாய்’ சொல்லலாம், அவரே சொல்லிவிட்டாரே. கை வரவில்லை என்றால் ‘டியர்’ போட்டு, அவர் கையெழுத்திட்ட அதே பெயரை எழுதுங்கள். அது நடு வழி, யாருக்கும் உறுத்தாது. ரெஸ்பெக்டட் சாருக்குத் திரும்பிப் போக வேண்டாம். உள்ளே ‘என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறேன்’ வகையறா எதுவும் வேண்டாம். கட்டுரை கிடைத்தது, நன்றி என்று ஒரு வரி. அதில் எந்தப் பகுதி உங்களுக்கு உதவியது என்று இரண்டு வரி. எழுதினவனுக்கு அந்த இரண்டு வரிதான் சந்தோஷம், அனுபவத்தில் சொல்கிறேன். அறக்கட்டளைக்கு முறையாக இன்னொரு கடிதம் அனுப்புங்கள், முதல் கடிதத்தைப் பற்றி மன்னிப்பெல்லாம் கேட்காமல், முதல் பத்தியிலேயே என்ன வேண்டும் என்று சொல்லி.

இரண்டையும் அனுப்புவதற்குமுன் மகளிடம் காட்டிவிடுங்கள். சிரித்தாள் என்றால் எங்கேயோ ஒரு ‘ஹம்ப்ளி’ மிச்சமிருக்கிறது.

அன்புடன்.