பதில்: காற்றுக் குழாய்களுக்கு இடம் இல்லை

வணக்கம். கார் தொழிற்சாலைக்கான உங்கள் இறுதியாண்டு வடிவமைப்பில் கன்வேயர் (கார்களை நகர்த்திச் செல்லும் அமைப்பு) பாதையை முதலில் வரைந்துவிட்டு, இப்போது காற்றுக் குழாய்களுக்கு இடம் இல்லாமல் தவிப்பதாக எழுதியிருந்தீர்கள். கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் பகுதியான பெயின்ட் ஷாப்பை ஒற்றைத் தளமாக வரைந்ததே சிக்கலின் வேர் என்று எனக்குப் படுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 மீட்டர் அகலமும் 30 மீட்டர் நீளமும் உள்ள பெயின்ட் தெளிப்பு அறையில் காற்று மேலிருந்து தரைக்கு வினாடிக்கு 0.3 மீட்டர் வேகத்தில் இறங்க வேண்டுமென்றால், மணிக்கு 1,62,000 கன மீட்டர் காற்று தேவைப்படும். அதைக் குழாயில் வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் செலுத்தினாலும் குழாயின் குறுக்குப் பரப்பு 4.5 சதுர மீட்டர், அதாவது ஒரு குளியலறையின் தரை அளவு ஆகிவிடும். இதை உத்தரங்களுக்கு இடையில் ஒளித்துவைக்க முடியாது. ஆகையால்தான் காற்றைப் பதப்படுத்தும் இயந்திரங்கள் மேல் தளத்திலும், சிதறும் பெயின்டைப் பிடிக்கும் அமைப்பு அறைக்கு அடியிலும் அமைந்து, கட்டடமே அடுக்கடுக்காக உயர்கிறது.

இது புதிய சிந்தனையும் அன்று. அமெரிக்காவில் ஃபோர்டு கார் நிறுவனத்தின் ஹைலண்ட் பார்க் ஆலையில் 1914 வாக்கில் எழுந்த ஆறு மாடிக் கட்டடங்களில், கட்டடக் கலைஞர் ஆல்பர்ட் கான் கான்கிரீட் தூண்களையே உள்ளீடற்றவையாக்கி, கூரை விசிறிகளின் காற்றை அவற்றின் வழியே தளங்களுக்கு இறக்கினார்.

கார் உடலை வெல்டிங் செய்து இணைக்கும் பாடி ஷாப்பைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். வெல்டிங்குக்கான மின்சாரம், குளிர்நீர், அழுத்தக் காற்று மூன்றையும் கூரைச் சட்டகத்தின் ஆழத்திலேயே கொண்டுசெல்லலாம். பெயின்ட் ஷாப்பின் குறுக்குவெட்டை முதலில் வரைந்து, அதன் பிறகு கன்வேயரை அதற்கேற்ப நகர்த்துங்கள்.