16 அடி படகுக்கு இரண்டாவது பெட்டரி தேவையா?

கேள்வி இதுதான்: மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்தில் ஓடும் 16 அடி ஃபைபர் படகு, 25 குதிரைவலு அவுட்போட் என்ஜின், செல்ஃப் ஸ்டார்ட். லைட், பாட்டுப் பெட்டி, தண்ணீர் இறைக்கும் பம்ப் எல்லாமே ஒரு 70 ஆம்பியர்-மணி பெட்டரியில். இந்த மழைக்குள் இரண்டு தடவை காலையில் என்ஜின் எடுக்கவில்லை. இன்னொரு பெட்டரி வாங்கலாமா?

உடனே வாங்காதீர்கள். முதலில், இருக்கிற பெட்டரியின் கரன்ட் எங்கே போகிறது என்று பாருங்கள். காசல்ரீ நீர்த்தேக்கத்தில் நான் பார்த்துக்கொள்ளும் படகுக்கும் இதேதான் நடந்தது. ஆடி மாத மழை. காலையில் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இரவெல்லாம் பெய்த மழையை இறைத்தே பெட்டரி இறங்கிவிட்டது என்று நினைத்து, புதிதாக ஒன்று வாங்கி, பிளஸ்ஸுக்குப் பிளஸ், மைனஸுக்கு மைனஸ் கொடுத்துவிட்டேன். சில நாள் கழித்து இரண்டும் சேர்ந்து இறங்கிக் கிடந்தன.

அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். உங்கள் படகுக்கே போட்டுப் பார்ப்போம். மழை விழும் பரப்பு சுமார் 6 சதுர மீற்றர் என்று வையுங்கள். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர். ஆக, 100 மில்லிமீற்றர் கொட்டினாலும் 600 லீற்றர்தான். மணிக்கு 500 கலன் என்று எழுதியிருக்கும் சின்னப் பம்ப், குழாய் உயரம் எல்லாம் போக அதில் பாதி, அதாவது மணிக்கு 900 லீற்றராவது தள்ளும். 40 நிமிட வேலை. அது இழுப்பது இரண்டரை ஆம்பியர் அளவில். ஒரு இரவு மழைக்கு 2 ஆம்பியர்-மணிகூடச் செலவாகாது. 70 ஆம்பியர்-மணி பெட்டரிக்கு அது ஒன்றுமே இல்லை.

பிறகு எது தின்றது? அடிப்பலகையைக் கழற்றிப் பார்த்தேன். பம்பைத் தானாக ஓட்டும் மிதவை சுவிட்சுக்கு அடியில் ஒரு மானாப்புல் தண்டு, விரல் நீளம்கூட இருக்காது, குறுக்காகச் சிக்கியிருந்தது. மிதவை கீழே இறங்கவில்லை. தண்ணீர் தீர்ந்த பிறகும் பம்ப் காய்ந்தே ஓடியிருக்கிறது. இரண்டரை ஆம்பியர் 12 மணி நேரம் போனால் 30 ஆம்பியர்-மணி. ஒரு பகலும் ஓர் இரவும் போனால் 60. தண்டை எடுத்துவிட்டுச் சின்ன வலை ஒன்று சுற்றினேன், அதோடு சரியானது. மேட்டிலிருந்து ஓடிவரும் மழைத்தண்ணீர் புல், சருகு எல்லாவற்றையும் கரைக்குக் கொண்டுவருகிற இடம் இது. உங்கள் மிதவையை இன்றைக்கே கையால் தூக்கி விட்டுப் பாருங்கள்.

அடுத்தது மல்டிமீட்டர். மாலையில் படகைக் கட்டி இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, எல்லாம் ஓஃப்பில் இருக்க அளந்து பாருங்கள். 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நிறைவு. 12.2 என்றால் பாதி. ஈய அமிலப் பெட்டரியை அதற்குக் கீழே அடிக்கடி விட்டால் ஆயுள் குறையும். காலையில் மறுபடி அளந்து பாருங்கள். நன்றாக இறங்கியிருந்தால், மறுநாள் சார்ஜ் ஏற்றி, மைனஸ் வயரைக் கழற்றிவிட்டு அதே சோதனை. அப்போதும் இறங்கினால் பெட்டரிதான் முடிந்துவிட்டது. புதிதாக ஒன்று வாங்குங்கள், ஆனால் பழையதை எடுத்துவிட்டு அதன் இடத்தில். சாவி திருப்பும் நேரத்தில் வோல்ட் 9.6க்குக் கீழே போகிறதா என்றும் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். போனால் பெட்டரி பலவீனம், இல்லை முனையில் அழுக்கு. நம் ஈரத்துக்கு முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துவிடும். சுடுதண்ணீரில் அப்பச்சோடா கலந்து துடைத்து, காய்ந்ததும் கிரீஸ் தடவுங்கள். குளிரில் எந்தப் பெட்டரியும் கொஞ்சம் மந்தமாகும். பகலில் சமாளிக்கிற பழைய பெட்டரி தை மாதக் காலையில் காட்டிக்கொடுத்துவிடும்.

சார்ஜ் ஏறுவதையும் பாருங்கள். இந்த அளவு என்ஜின்கள் பெரும்பாலும் 6 முதல் 15 ஆம்பியர் வரைதான் கொடுக்கும், அதுவும் வேகமாக ஓடும்போது. மெதுவாக உருட்டினால் மிகக் கொஞ்சம்தான். ஸ்டார்ட் பண்ணுவது பெரிய செலவு இல்லை. 150 ஆம்பியர் இழுத்தாலும் 5 விநாடிக்கு 0.2 ஆம்பியர்-மணிதான். நிறுத்தி வைத்திருக்கும் நேரம்தான் செலவு. தண்ணீர் வற்றும் காலத்தில் தண்ணீருக்குள் மூழ்கிய பழைய மஸ்கெலியா ஊரின் கோயில் மேலே தெரியும்போது ஆட்களைக் கூட்டிப் போவீர்கள்தானே? அங்கே என்ஜினை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் படம் எடுப்பார்கள், பாட்டு ஓடும், நான்கு ஃபோன் சார்ஜில் இருக்கும். 6, 7 ஆம்பியர் போகும். ஒரு நாளைக்கு ஒரு பயணம் என்றால் 70 தாங்கும். நான்கைந்து பயணம் என்றால், அதுவும் குறுகிய ஓட்டமென்றால், தாங்காது.

அப்படியானால் இரண்டாவது வாங்குவது நியாயம். மாலை மூடுபனியில் ஆட்களோடு திரும்புகிறவர் என்றாலும் வாங்குங்கள். பறவை பார்க்க, மீன் பிடிக்க என்று சத்தமில்லாத மின் மோட்டார் பூட்டப் போகிறீர்கள் என்றால் கட்டாயம். அது முழு வேகத்தில் 30 ஆம்பியருக்குக் குறையாமல் இழுக்கும், அதற்கு ஆழமாக இறங்கி ஏறக்கூடிய வகைப் பெட்டரி தனியாக வேண்டும்.

ஆனால் நான் செய்ததுபோல் சேர்த்துக் கட்டாதீர்கள். ஒன்று என்ஜினுக்கு மட்டும், மற்றது லைட்டுக்கும் பாட்டுக்கும். நடுவே வோல்ட் பார்த்து இணைக்கும் ரிலே ஒன்று போட்டால், என்ஜின் ஓடும்போது இரண்டுக்கும் சார்ஜ் ஏறும், நின்றதும் தானாகப் பிரியும். ரிலேக்குப் பதிலாக, எந்தப் பெட்டரி என்று கையால் திருப்பித் தேர்ந்தெடுக்கும் சுவிட்ச் போடுவதானால், என்ஜின் ஓடும்போது அதை ஓஃப்புக்குத் திருப்பவே கூடாது, என்ஜின் தரும் கரன்ட்டைப் பெட்டரிக்கு ஏற்றபடி மாற்றும் ரெக்டிஃபையர் எரிந்துவிடும். பம்பை மட்டும் சுவிட்சுக்கு முன்னால், பெட்டரியிலிருந்தே ஃபியூஸோடு நேராகக் கொடுங்கள். ஒரு பெட்டரி 18, 20 கிலோ வரும். என்ஜினும் பெற்றோல் கேனும் பின்னால் இருப்பதால் இதை நடு இருக்கைக்கு அடியில், காற்றுப் போகும் பெட்டிக்குள் வைத்துப் பட்டியால் இறுக்குங்கள்.

எதை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் ஸ்டார்ட் கயிறு படகில் இருக்கட்டும். 25 குதிரைவலு என்ஜினைக் கையால் இழுத்து எடுக்கலாம். மூடியைக் கழற்றி, கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்து, கயிற்றைச் சக்கரத்தில் சுற்றுங்கள். அதற்கு முன் கழுத்து மப்ளரைக் கழற்றிவிடுங்கள், சுற்றும் சக்கரத்தில் மாட்டினால் ஆளையே இழுத்துவிடும். வெயில் இருக்கும் நாளில், கரையில் கட்டியபடியே, ஒரு தடவை இழுத்துப் பழகிக்கொள்ளுங்கள்.

மாலை அளவு, காலை அளவு இரண்டையும் எழுதுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.