இலை இலவசம், கழிவு யார் கணக்கில்?

கேள்வி: முக்கூடல் பக்கம் ஒரு கிராமத்தில் பீடி சுற்றுகிறேன். கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். மகள் போன வருடம் பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. கணிதம் முடித்தாள். செல்போனில் விளம்பரம் பார்த்து, சென்னையில் நடக்கும் 'ஆறு மாத இலவச கோடிங் பூட்கேம்ப், முடித்தால் வேலை உறுதி' என்கிற, கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும் பயிற்சிக்குத் தேர்வெழுதித் தேர்வாகியிருக்கிறாள். கட்டணம் கிடையாதாம். ஆனால் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளைக் கொடுக்க வேண்டும், இரண்டு வருட பாண்டில் கையெழுத்துப் போட வேண்டும், நடுவில் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்கிறார்கள். திருப்பித் தருவதாகச் சொல்லி 5,000 ரூபாய் முன்பணமும் கேட்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். 'சும்மா எவன் சொல்லிக் கொடுப்பான்' என்று அவள் அப்பா மறுக்கிறார். மகள் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அனுப்பலாமா, வேண்டாமா?
– ஒரு தாய்

பதில்:

அன்புள்ள அக்கா,

முதலில் அந்த வெள்ளிக்கிழமையைத் தள்ளிப்போடுங்கள். "ஒப்பந்தத்தின் நகலை அனுப்புங்கள், வீட்டில் படித்துப் பார்த்துவிட்டு ஒரு வாரத்தில் சொல்கிறோம்" என்று மகளை ஒரு மின்னஞ்சல் போடச் சொல்லுங்கள். நல்ல இடம் என்றால் ஒரு வாரம் பொறுப்பார்கள். 5,000 ரூபாயையும் ஒரிஜினல் சான்றிதழ்களையும் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கொடுத்துவிடாதீர்கள். மற்றதெல்லாம் கேட்டுப் பேசி முடிவெடுக்கக் கூடியதுதான்.

அப்புறம், மகளைச் சாப்பிடச் சொல்லுங்கள். தானாகத் தேடி, தேர்வெழுதித் தேறியிருக்கிறாள். வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டால், அடுத்த முறை உங்களிடம் சொல்லாமலேயே கையெழுத்துப் போட்டுவிடுவாள். அவளும் உட்கார்ந்து கேட்கட்டும், நீங்கள் மூன்று பேரும் சேர்ந்தே இதைப் படியுங்கள்.

பீடி சுற்றுகிற உங்களுக்கு இதை விளக்குவது எனக்குச் சுலபம். கடையில் இலையும் தூளும் காசு வாங்காமல்தான் தருகிறார்கள். ஆனால் இலை கிழிசலும் ஓட்டையுமாக இருந்து கணக்குக்குப் பத்தாமல் போனால், குறைகிற இலையை யார் வாங்கிப் போடுகிறார்கள்? கொண்டுபோய்க் கொடுக்கிற பீடியில் ஒரு கை அள்ளிக் கழிவு என்று ஒதுக்கினால், அந்த நஷ்டம் யாருக்கு? இந்த இலவசப் பயிற்சியிலும் கேட்க வேண்டியது அதேதான். சொல்லிக் கொடுப்பவருக்குச் சம்பளம், கட்டடத்துக்கு வாடகை, கரண்ட் பில் எல்லாம் யாரோ கட்டுகிறார்கள். அது யார், ஆறு மாதம் கழித்து வேலை வராவிட்டால் கழிவு யார் தலையில் விழும் என்று தெரிந்துகொண்டால் போதும்.

சும்மா எவன் சொல்லிக் கொடுப்பான் என்று அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி. பதில் அவர் நினைப்பதைவிடக் கொஞ்சம் நல்லதாகவே இருக்கிறது. தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் ஸோஹோ என்கிற மென்பொருள் நிறுவனம் ஒரு பள்ளி நடத்துகிறது. 2005-இல் தொடங்கிய திட்டம் அது. கட்டணம் இல்லை, படிக்கிறவர்களுக்கு மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. படித்து முடித்தவர்களை அந்த நிறுவனமே வேலைக்கு எடுத்துக்கொள்கிறது. தனக்கு வேண்டிய ஆட்களைத் தானே தயார் செய்கிறது, செலவும் அதனுடையதே. அங்கே பெரும்பாலும் பிளஸ் டூ, டிப்ளமா முடித்தவர்களைத்தான் சேர்ப்பதால் உங்கள் மகளுக்குப் பொருந்துவது கஷ்டம். ஆனால் நல்ல இலவசம் எப்படி இருக்கும் என்பதற்கு அளவுகோல் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது: பணம் நிறுவனத்திடமிருந்து பிள்ளைக்கு வருகிறது. உங்கள் மகள் விஷயத்தில் 5,000 ரூபாய் எதிர்த்திசையில் போகிறது, பாருங்கள்.

அரசு பணம் கட்டுகிற பயிற்சிகளும் உண்டு. கிராமப்புற ஏழை இளைஞர்களுக்காக 2014-இல் மத்திய அரசு தொடங்கிய தீன்தயாள் உபாத்யாய கிராமின் கௌசல்ய யோஜனாவில் தங்கிப் படிக்கலாம், பிள்ளைகளை வேலையில் அமர்த்தினால்தான் பயிற்சி நிறுவனத்துக்கு முழுத் தொகையும் கிடைக்கும். தமிழ்நாட்டில் 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய, மாணவர்களுக்குத் திறன் பயிற்சி தருகிற நான் முதல்வன் திட்டம் இருக்கிறது. நம் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு ஒரு நடை போய், பட்டம் முடித்தவர்களுக்கு இப்போது என்ன பயிற்சி நடக்கிறது, அடுத்த தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம் எப்போது என்று கேட்டு வரச் சொல்லுங்கள். அந்த ஒரு வாரத்திலேயே இதை முடித்துவிடலாம்.

சிக்கலானது மூன்றாவது வகை. இப்போது வேண்டாம், வேலை கிடைத்த பிறகு கொடு என்பார்கள். அமெரிக்காவில் 2017-இல் தொடங்கிய லாம்ப்டா ஸ்கூல் என்கிற கோடிங் பள்ளி இதில் பெயர் பெற்றது. முதலில் ஒரு காசு வேண்டாம், வேலை கிடைத்ததும் சம்பளத்தில் 17 சதவீதம், அதிகபட்சம் 30,000 டாலர் வரை கட்ட வேண்டும் என்பது ஒப்பந்தம். படித்தவர்களில் 71 முதல் 86 சதவீதம் பேருக்கு வேலை கிடைத்ததாக விளம்பரம் செய்தார்கள். 2024 ஏப்ரலில் அமெரிக்காவின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு அவர்கள்மீது நடவடிக்கை எடுத்தபோது, முதலீட்டாளர்களிடம் அவர்கள் காட்டிய கணக்கு வெளியே வந்தது. அதில் 50 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது, சில நேரம் 30 வரை இறங்கியும் இருந்தது. பணம் போடுகிறவருக்கு ஒரு கணக்கு, படிக்க வருகிற பிள்ளைக்கு ஒரு கணக்கு. எனக்கு இதில் ஆறாத கோபம் உண்டு.

நம் ஊரில் இது இன்னொரு முகத்தோடு வரும். கட்டணம் இல்லை என்று சொல்லிவிட்டு ஆதார், பான், வங்கி பாஸ்புக் வாங்குவார்கள், செல்போனுக்கு வருகிற ஓ.டி.பி.யைச் சொல்லச் சொல்வார்கள். அந்த ஓ.டி.பி. பிள்ளையின் பெயரில் ஒரு நிதி நிறுவனக் கடனுக்குப் போட்ட கையெழுத்தாக இருக்கலாம். பயிற்சி நின்றுபோனாலும் இ.எம்.ஐ. நிற்காது. ஆகவே குறுஞ்செய்தியில் லோன், மேண்டேட் (கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்க அனுமதி) என்று ஏதாவது இருந்தால் ஓ.டி.பி.யைச் சொல்லவே கூடாது. ஏற்கெனவே சொல்லியிருந்தால், யார் பெயரில் என்ன கடன் இருக்கிறது என்று பதிவு வைத்திருக்கும் சிபில் போன்ற நிறுவனங்கள் வருடத்துக்கு ஒருமுறை இலவசமாகத் தருகிற கடன் அறிக்கையை மகள் பெயரில் எடுத்துப் பாருங்கள்.

இனி உங்கள் மகளிடம் கையெழுத்துக் கேட்கிற பாண்டுக்கு வருவோம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால், பயிற்சி கொடுத்து வேறு கம்பெனிகளுக்கு ஆள் அனுப்புகிற இடம்போலத் தெரிகிறது. அந்தக் கம்பெனிகள் கொடுக்கும் பணத்தில் இவர்களுக்கு ஒரு பங்கு. அது தப்பான தொழில் இல்லை. ஆனால் நகல் வந்ததும் பாண்டில் இரண்டு விஷயத்தைத் தேடிப் பாருங்கள். அந்த இரண்டு வருடம் பயிற்சி தொடங்கும் நாளிலிருந்தா, முதல் சம்பள நாளிலிருந்தா? அவர்களே வேலை வாங்கித் தரவில்லை என்றால் பாண்டு தானாக முடிந்துவிடுமா, இல்லை மகள் சம்பளம் இல்லாமல் காத்துக் கிடக்க வேண்டுமா? இதற்கு எழுத்தில் பதில் இல்லாவிட்டால் நான் கையெழுத்துப் போட விடமாட்டேன்.

பாண்டெல்லாம் கோர்ட்டில் நிற்காது, தைரியமாகப் போடு என்று யாராவது சொல்வார்கள். நம்பாதீர்கள். மூன்று வருடம் முடியும் முன்னால் விலகிய அதிகாரி 2 லட்சம் கட்ட வேண்டும் என்கிற ஒரு பொதுத்துறை வங்கியின் பாண்டு செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அது வேலையும் சம்பளமும் கொடுத்த இடம். ஒப்பந்தத்தை மீறினால் நியாயமான இழப்பீடுதான் கேட்கலாம் என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவு. விலகிய பிறகு வேறு எங்கும் வேலை பார்க்கக் கூடாது என்று எழுதி வாங்கினால் 27-வது பிரிவின்படி அது செல்லாது. சரி, சட்டம் நம் பக்கம் இருந்தாலும் முக்கூடலிலிருந்து சென்னைக்கு வாய்தாவுக்கு அலைகிற செலவை நினைத்துப் பாருங்கள். முன்னாலேயே படித்துவிடுவது எவ்வளவோ மேல்.

ஒரிஜினல் சான்றிதழ் விஷயத்தில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. என் சித்தி மகன் இப்படித்தான் ஓர் இலவச வகுப்பில் சேர்ந்தான். வேலை என்று கொடுத்தது போனில் ஆள் பிடிக்கிற வேலை. இதற்கிடையில் டி.என்.பி.எஸ்.சி. தேர்வில் தேறி, சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு வந்தது. பத்தாவது மதிப்பெண் பட்டியலிலிருந்து பட்டம் வரை எல்லாம் அவர்கள் பீரோவில் இருந்தது. நாளை வா, மேனேஜர் இல்லை என்றே நாளைக் கடத்தினார்கள். சித்தி காதில் கிடந்ததை அடகு வைத்துப் பணம் கட்டிய பிறகுதான் உறை கைக்கு வந்தது. சரிபார்ப்புக்கு முந்தின நாள் ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ்ஸில் அம்மாவும் மகனும் அந்த உறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். உங்கள் மகளுக்கு அப்படி ஒரு ராத்திரி வர வேண்டாம். ஒரிஜினலைக் காட்டலாம், சரிபார்த்துவிட்டு அங்கேயே திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும். சான்றொப்பமிட்ட நகல் கொடுங்கள், அரசின் டிஜிலாக்கர் செயலியிலிருந்து எடுத்தும் கொடுக்கலாம்.

வேலை உறுதி, நூறு சதவீதம் என்பதையும் பிரித்துப் பாருங்கள். 40 பேர் சேர்கிறார்கள் என்று வையுங்கள். 15 பேர் தாங்க முடியாமல் நின்றுவிடுகிறார்கள். 10 பேரைக் கடைசித் தேர்வில் தகுதியில்லை என்று ஒதுக்குகிறார்கள். மீதி 15 பேருக்கும் ஏதோ ஒரு வேலை. 15-க்கு 15, நூறு சதவீதம்! விடுபட்ட 25 பேர் விளம்பரத்தில் எங்கும் இருக்க மாட்டார்கள். அதனால் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், என்ன பதவி, எந்த ஊர், பிடித்தம் போகக் கைக்கு எவ்வளவு என்று மகள் மின்னஞ்சலிலேயே கேட்கட்டும். போனில் சொன்ன பதில் கணக்கில் சேராது.

அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. சென்னையில் நம் ஊர்க்காரர் ஒருவராவது உங்களுக்கு இருப்பார். கடை வைத்திருப்பார், இல்லாவிட்டால் வேலையில் இருப்பார். அவரைச் சாயங்காலம் வகுப்பு விடுகிற நேரத்தில் அந்தக் கட்டடத்துக்குப் பக்கத்து டீக்கடைக்குப் போகச் சொல்லுங்கள். உள்ளே போக வேண்டாம், வரவேற்பறையில் சிரிக்கிற படங்கள்தான் இருக்கும். வெளியே வருகிற பிள்ளைகளிடம், போன பேட்ச் ஆட்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டால் கால் மணி நேரத்தில் உண்மை தெரிந்துவிடும். அந்தக் கம்பெனி நிஜமாகவே பதிவு செய்யப்பட்டதா, எத்தனை வருடமாக இருக்கிறது என்பதை மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் மகளே பார்த்துவிடுவாள்.

விளம்பரத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பயிற்சி நிறுவனங்கள் வேலை உறுதி என்று பொய்யாக விளம்பரம் செய்வதைத் தடுக்க 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நெறிமுறை கொண்டுவந்திருக்கிறது. புகார் சொல்ல 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். போன், இணையம் வழியாகப் பணம் ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்குச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் மகளிடம் நேராகச் சொல்ல வேண்டும். தினமும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, எழுதியது ஓடாமல், ஏன் ஓடவில்லை என்று தேடுவதுதான் இந்தப் படிப்பு. பாரிஸில் 2013-இல் தொடங்கிய '42' என்கிற கோடிங் பள்ளியில் கட்டணமும் இல்லை, ஆசிரியரும் இல்லை. ஆனால் சேரும் முன் நான்கு வாரம் கடுமையான சோதனை வைக்கிறார்கள். அதற்கு நீச்சல்குளம் என்று பெயர். முங்குகிறோமா நீந்துகிறோமா என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும். ஆற்றங்கரையில் வளர்ந்தவளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சென்னைக்குப் போகும் முன்னால் வீட்டிலேயே மூன்று வாரம் அப்படி இறங்கிப் பார்க்கட்டும். ஃப்ரீகோட்கேம்ப் தளம் இருக்கிறது, ஹார்வர்டின் சி.எஸ்.50 பாடம் இருக்கிறது, ஐ.ஐ.டி.களின் என்.பி.டெல் இணையப் பாடங்கள் இருக்கின்றன. படிக்கக் காசு வேண்டாம். கணிதம் படித்தவளுக்கு இது பிடித்துப்போக நல்ல வாய்ப்பு உண்டு. பிடித்துவிட்டால், பி.எஸ்சி. முடித்தவர்களை வேலைக்கு எடுத்து எம்.டெக். படிக்கவைக்கும் விப்ரோவின் திட்டம் போன்றவற்றையும் பார்க்கட்டும். அவற்றில் தேர்ச்சி பெற்ற ஆண்டைப் பார்ப்பார்கள், அதனால் அதிக நாள் சும்மா இருக்கக் கூடாது.

சென்னையில் ஆறு மாத விடுதி வாடகை, சாப்பாடு, பஸ் செலவு உங்களுடையதுதான், மறந்துவிடாதீர்கள். அது எத்தனை ஆயிரம் பீடி என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். பதில்கள் எழுத்தில் வந்து, முன்பணமும் ஒரிஜினலும் கேட்காமல், பாண்டு முதல் சம்பளத்திலிருந்து தொடங்கும் என்றும் இருந்தால், அண்ணனிடம் நான் சொன்னதாகச் சொல்லி அனுப்பிவையுங்கள். அவரே கூடப் போய் விட்டுவிட்டு வரட்டும்.

ஒப்பந்தத்தின் நகல் வந்ததும் பெயர்களை மறைத்துவிட்டு எனக்கு அனுப்புங்கள். வரி வரியாகப் படித்து, எங்கே திருத்தச் சொல்ல வேண்டும் என்று எழுதி அனுப்புகிறேன்.