செக்கர் அறையா, கொதிகலனா? – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். பெரிய அடுப்பைத் தாண்டிப் போகும் சூட்டிலேயே பக்கத்துப் பாத்திரத்தையும் காய்ச்சும் கொடியடுப்பைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்த பிறகு இதை எழுதுகிறேன். எனக்குச் சொந்த ஊர் பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கிருஷ்ணகிரியில் டிப்ளமோ முடித்துவிட்டு, மூன்று ஆண்டுகளாக வடக்கே ஒரு கண்ணாடிப் புட்டி ஆலையில் உலைப் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் உலை இயற்கை எரிவாயுவில் ஓடுகிறது. பின்பக்கம் இரண்டு செக்கர் அறைகள், அதாவது துளை விட்டுச் செங்கல் அடுக்கிய அறைகள். ஒன்றின் வழியே புகை வெளியேறிச் செங்கல்லைச் சூடாக்கும்போது, மற்றொன்றின் வழியே காற்று சூடேறி உள்ளே போகும்; பிறகு இரண்டும் முறை மாறும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் செக்கர் அறையின் அடியிலிருந்து வெளியேறும் புகை 480 டிகிரி இருந்தது, இப்போது 590. அண்மையில் வந்த ஆலோசகர் ஒருவர், இவ்வளவு சூட்டை வீணாக்கலாமா, கொதிகலன் வைத்து மின்சாரம் எடுக்கலாமே என்று கணக்குப் போட்டுக் காட்டினார். மேலாளருக்கும் அதில் விருப்பம். எனக்கு ஏனோ மனம் ஒப்பவில்லை. காரணம் சொல்லவும் தெரியவில்லை.

இன்னொரு கேள்வி. 20 நிமிடத்துக்கு ஒருமுறை தீயைத் திருப்பிக்கொண்டிருப்பதைவிட, ஒரே சீராகக் காற்றைச் சூடாக்கும் ரெக்யூபரேட்டரை வைத்தால் என்ன? கடைசியாக, வீட்டில் அப்பா நடத்தும் கரும்பாலை அடுப்பிலும் இந்த முறையைச் செய்ய முடியுமா?

பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகர், பாலக்கோடு

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மனம் ஒப்பாததற்குச் சரியான காரணம் இருக்கிறது. அது உங்கள் கடிதத்திலேயே, 480க்கும் 590க்கும் நடுவில் இருக்கிறது. கொதிகலன் வேண்டுமா என்பது இரண்டாவது கேள்வி. இரண்டே ஆண்டில் 110 டிகிரி ஏன் ஏறியது என்பதுதான் முதல் கேள்வி. அந்தச் சூடு உலைக்குத் திரும்பிப் போயிருக்க வேண்டியது, போகவில்லை. ஆலோசகர் லாபமாகக் காட்டுவது உங்கள் உலையின் நோயை. குடம் ஒழுகுகிறது என்றால் முதலில் குடத்தை அடைப்பார்கள்; அடியில் வைக்கப் பாத்திரம் என்ன விலை என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

உருகிய கண்ணாடிக்கு மேலே தீ ஓடும் அறை 1500 டிகிரி அளவில் இருக்கிறது. கண்ணாடிக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டு வெளியேறும் புகையும் ஏறத்தாழ அதே சூட்டில்தான் வெளியேறும், ஏனெனில் தான் சூடாக்கும் பொருளைவிடக் குளிர்ந்த நிலையில் புகை அந்த அறையை விட்டுப் போக வழியில்லை. ஒரு கன மீட்டர் எரிவாயுவை எரிக்கச் சுமார் 10 கன மீட்டர் காற்று தேவை. அதில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்; எரிவதற்கு எந்த உதவியும் செய்யாமல் உள்ளே வந்து, சூடேறி, வெளியே போவது அது. இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால், குளிர்ந்த காற்றை ஊதி எரிக்கும் உலையில் எரிவாயுவின் வெப்பத்தில் மூன்றில் இரண்டு பங்கு புகையோடு போய்விடும் என்று தெரியும். எஞ்சிய ஒரு பங்கிலிருந்துதான் சுவரின் இழப்பையும் ஈடுகட்டிக் கண்ணாடியையும் உருக்க வேண்டும்.

இதே காற்றைச் செக்கர் அறை 1250 டிகிரிக்கு மேல் சூடாக்கிக் கொடுக்கும்போது, எரிவாயு தரும் வெப்பத்தில் பாதியளவுக்கு இணையான வெப்பம் காற்றோடு கூடுதலாக உள்ளே வருகிறது. 100 பங்கு எரிவாயுவில் உலைக்குள் தங்கியது முப்பது சொச்சம் என்றால், இப்போது தங்குவது எண்பதுக்கு மேல். அதே கண்ணாடியைப் பாதிக்கும் குறைவான எரிவாயுவில் உருக்கிவிடலாம். இத்தனைக்கும் காரணமான செக்கர் அறையை உலையோடு ஒட்டவைத்த சேமிப்புச் சாதனம் என்று பலர் நினைக்கிறார்கள். அது உலையின் பாதி உடம்பு என்பேன்.

இதை முதலில் செய்து காட்டியவர்கள் சீமென்ஸ் சகோதரர்கள். ஃபிரெடரிக் சீமென்ஸ் 1856இல் காப்புரிமை பெற்றார். அண்ணன் வில்லியம் அதை நிலக்கரி வாயுவில் எரியும் உலையாக 1861இல் வளர்த்தெடுத்தார். பர்மிங்காம் அருகே சான்ஸ் சகோதரர்களின் கண்ணாடி ஆலையில் ஓடிய அந்த உலையை மைக்கேல் ஃபாரடே நேரில் போய்ப் பார்த்தார். 1862 ஜூன் 20 அன்று லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் அவர் ஆற்றிய கடைசி வெள்ளிக்கிழமை உரைக்கு அந்த வாயு உலைதான் பொருள். மின்காந்தத் தூண்டலைக் கண்டவர் தம் கடைசி உரைக்குச் செங்கல் அடுக்கிய ஓர் அறையைத் தேர்ந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தொழிலின் மேல் மதிப்புக் கூடுகிறது.

இனி உங்கள் ரெக்யூபரேட்டர் கேள்வி. உலோகச் சுவரின் ஒருபக்கம் புகை, மறுபக்கம் காற்று என்று அது இடைவிடாமல் வேலை செய்யும். திருப்ப வேண்டியதில்லை, தீ சீராக இருக்கும். ஆனால் எந்த உலோகமும் நெடுநாள் தாங்கும் சூட்டுக்கு ஓர் எல்லை உண்டு. அதனால் காற்று 700, 800 டிகிரிக்குமேல் போவது கடினம். செக்கர் அறையில் சூட்டைத் தாங்குவது செங்கல் என்பதால்தான் 1250ஐத் தாண்ட முடிகிறது. சிறிய உலைகளுக்கு ரெக்யூபரேட்டர் நல்ல தேர்வு. தாஜ் மகாலைச் சுற்றிய பகுதியில் நிலக்கரி எரிப்பதற்கு உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தடை விதித்த பிறகு, ஃபிரோசாபாத்தின் பானை உலைகளை எரிவாயுவுக்கு மாற்றுவதற்கு டெரி (TERI) என்ற எரிசக்தி ஆய்வு நிறுவனம் வடிவமைத்துக் கொடுத்தது ரெக்யூபரேட்டர் வைத்த உலையைத்தான். இரவு பகல் நிற்காமல் ஓடும் பெரிய புட்டி உலைக்கு அது பெரும்பாலும் போதாது.

20 நிமிடக் கணக்குக்கும் காரணம் செங்கல்தான். புகை போகும் அறையில் செங்கல் சூட்டை வாங்கிக்கொண்டே இருக்கிறது. காற்று போகும் அறையில் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. நேரம் கூடினால் கொடுக்கும் செங்கல் ஆறிப்போய்க் காற்றின் சூடு இறங்கும். நேரத்தை மிகவும் குறைத்தால், திருப்பும்போது தீ இல்லாமல் கழியும் அந்த அரை நிமிடங்கள் நாள் முழுவதும் சேர்ந்து பெரிய நேரமாகிவிடும். நான் வேலை பார்த்த காலத்தில் அந்த அரை நிமிடத்துக்காகக் காத்திருப்பேன். வால்வு தடதடவென்று புரளும் சத்தம் கேட்கும், தீ அணையும், நீலக் கண்ணாடி வழியே பார்த்தால் அதுவரை தீயின் ஒளியில் மறைந்திருந்த பேட்ச் (உருக்குவதற்காகப் போடும் மூலப்பொருள் கலவை) மேடுகள், உருகாத வெள்ளை விளிம்போடு மெல்ல மிதந்து போவது தெளிவாகத் தெரியும். உலையின் உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கண்ணால் காண அதைவிட நல்ல வாய்ப்புக் கிடையாது. நீங்களும் தவறவிடாதீர்கள்.

உங்கள் 590 டிகிரிக்கு வருகிறேன். பேட்சிலிருந்து கிளம்பும் தூசியும், கண்ணாடியிலிருந்து ஆவியாகும் சோடியமும் புகையோடு செக்கருக்குள் போகின்றன. மேல் அடுக்குகளில் தூசி செங்கல்லை அரிக்கும். நடு அடுக்குகளில் சூடு 1100 டிகிரியிலிருந்து 900 வரை இறங்கும் இடத்தில் சோடியமும் கந்தகமும் சேர்ந்து சோடியம் சல்பேட்டாகப் படியும். அதன் உருகுநிலை 884 டிகிரி. அதற்கு மேலுள்ள அடுக்கில் அது திரவமாக வழியும். அதற்குக் கீழே உறைந்து துளைகளை அடைக்கும். அதனால்தான் உச்சியில் ஒரு செங்கல், நடுவில் ஒரு செங்கல், அடியில் ஒரு செங்கல் என்று மூன்று வகை அடுக்குகிறார்கள். உச்சிக்கு வேண்டியது மாக்னீசியா. அதற்கு மூலமான மாக்னசைட், தொப்பூர்க் கணவாயைத் தாண்டினால் சேலத்தில் வெட்டியெடுக்கப்படுவதுதான். நம் பக்கத்து மண்ணுக்கும் இந்தத் தொழிலுக்கும் அப்படி ஓர் உறவு உண்டு.

துளைகள் பாதி அடைபட்டால் புகை மீதித் துளைகளின் வழியே வேகமாக ஓடும். செங்கல்லில் பாதி சூட்டை வாங்காமலே இருக்க, புகை சூடாகவே அடியில் வந்து சேரும். நான் பணியாற்றிய ஓர் ஆலையில், பெயர் வேண்டாம், இதைத்தான் ஓராண்டுக்குமேல் கவனிக்காமல் விட்டோம். எரிவாயுச் செலவு மாதாமாதம் ஏறியது. பர்னரை மாற்றினார்கள்; உடைகண்ணாடியின் தரத்தைக் குறை சொன்னார்கள்; ஷிப்டுக்கு ஷிப்டு ஆட்களைத் திட்டினார்கள். கடைசியில் ஒருநாள் செக்கரின் அடியறைக் கதவைத் திறந்து, தாங்கு வளைவுகளுக்குக் கீழிருந்து அண்ணாந்து பார்த்தோம். நல்ல செக்கரில் ஒவ்வொரு துளை வழியாகவும் மேலேயுள்ள வெளிச்சம் தெரியும். செம்மஞ்சள் கட்டங்கள் போட்ட கோலம் போல இருக்கும். நாங்கள் பார்த்தபோது மூன்றில் ஒரு பகுதி கன்னங்கரேலென்று இருந்தது. வளைவிலிருந்து சல்பேட் விழுதுவிழுதாக வெள்ளை மஞ்சளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அடியில் பர்னர் வைத்துச் சூடேற்றி அதை உருக்கி வழியவிட்ட பிறகுதான் செலவு இறங்கியது. ஓராண்டுக்கு எரிவாயு வீணானதைவிட, குற்றமற்ற ஆட்கள் திட்டு வாங்கியதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

ஆகவே முதலில் அடியறையில் ஒளியைப் பாருங்கள். கூடவே ஆக்சிஜனையும் அளந்துவிடுங்கள்: புகை போகும் அறையின் உச்சியில் ஒருமுறை, புகைபோக்கியின் அடியில் ஒருமுறை. இரண்டுக்கும் வித்தியாசம் அதிகமானால், செக்கர் சுவரின் விரிசல் வழியே வெளிக்காற்று உள்ளே வருகிறது என்று பொருள். அந்தக் குளிர்ந்த காற்று புகையின் சூட்டைக் குறைத்துக் காட்டும். அப்படியானால் உங்கள் 590 என்பதே உண்மையைவிடக் குறைந்த கணக்காகிவிடும்.

கொதிகலனே கூடாது என்று நான் சொல்லவில்லை. செக்கர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் புகையின் சூடு முழுவதையும் காற்றால் திருப்பி எடுக்க முடியாது, ஏனெனில் உள்ளே வரும் காற்றைவிட வெளியே போகும் புகை அதிகம். எரிவாயுவும் சோடா, சுண்ணாம்புக் கல்லிலிருந்து பிரியும் கார்பன் டை ஆக்சைடும் அதில் சேர்ந்திருக்கின்றன. அளவுக்கு அளவு பார்த்தாலும் புகை காற்றைவிடக் கூடுதல் சூட்டைச் சுமக்கும். எவ்வளவு உயரமாகச் செக்கர் கட்டினாலும் 400 டிகிரிக்கு மேலான புகை மிஞ்சத்தான் செய்யும். அந்த மிச்சத்தைக் கொண்டு பேட்சையும் உடைகண்ணாடியையும் 300 டிகிரி அளவுக்குச் சூடாக்கி உலைக்குள் போடலாம். அதுவும் எரிவாயுவையே மிச்சப்படுத்தும். மின்சாரம் என்றால், அந்தச் சூட்டிலிருந்து எடுக்கும் நீராவியில் ஐந்தில் ஒரு பங்கு மின்சாரமாவதே அரிது. உலைக்குத் திரும்பும் சூடோ அப்படியே எரிவாயுவாகக் கணக்கில் வரும். செக்கரைச் சரிசெய்யாமல் 590 டிகிரிக்குக் கொதிகலன் வாங்கினால் இன்னொரு தொல்லையும் உண்டு: பிறகு யாராவது செக்கரைச் சுத்தம் செய்தால் கொதிகலனுக்குச் சூடு போதாது. அப்புறம் சுத்தம் செய்யவே எவரும் துணியமாட்டார்கள்.

அப்பாவின் கரும்பாலைக்குச் செக்கர் தேவையில்லை. வெல்லப் பாகு இறக்கும் பதம் 118 டிகிரி அளவில்தான் இருக்கிறது. அதற்கு 1200 டிகிரிக் காற்று எதற்கு? அங்கே தேவை கொடியடுப்பு முறைதான். பாகு காய்ச்சும் கொப்பரையைத் தாண்டிப் போகும் புகையை, புகைபோக்கிக்கு விடுவதற்கு முன் இரண்டாவது கொப்பரையின் அடியில் ஓடவிட்டு, அடுத்த பாகத்துக்கான பச்சைச் சாற்றை அதில் சூடேற்றிக்கொள்ளுங்கள். சாறு சூடாகவே முதல் கொப்பரைக்குப் போகும், சக்கை மிஞ்சும். இரண்டாவது கொப்பரையின் அடிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி மிகவும் குறுகினால் புகை திரும்பி அடுப்பு வாயில் வரும், அதை மட்டும் கவனியுங்கள். அடுத்த விடுப்பில் ஊருக்கு வரும்போது அந்த இடைவெளியையும், புகைபோக்கியின் உயரத்தையும், ஒரு நாளைக்கு எரியும் சக்கைக் கட்டுகளின் எண்ணிக்கையையும் எழுதியனுப்புங்கள். ஆலையில் எடுக்கும் இரண்டு ஆக்சிஜன் அளவுகளையும் சேர்த்து அனுப்பினால், அடைப்பா, விரிசலா என்று உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
கிருஷ்ணகிரி