கத்தோலிக்கப் பள்ளி ஊழியர்களிடம் இறைநம்பிக்கை சார்ந்த சுற்றுச்சூழல் அக்கறையை வளர்ப்பது எப்படி?

கத்தோலிக்கப் பள்ளியில் சுற்றுச்சூழல் பணியை நம்பிக்கையின் அடிப்படையில் எங்கிருந்து தொடங்குவது, பிற சமயத்தைச் சேர்ந்த ஊழியர்களை அதில் எப்படி இணைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இத்தகைய பள்ளியில் நெடுங்காலம் ஆசிரியராகப் பணியாற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன்: மாணவர்களுக்கு முன்பாக ஊழியர்களிடம் தொடங்குங்கள்.

பெரும்பாலான பள்ளிகளில் ஓவியப் போட்டி, மரக்கன்று நடுதல், உறுதிமொழி என எல்லாமே மாணவர்களின் தோளில் ஏற்றப்படுகின்றன. அதே நாளில் ஆசிரியர் அறையில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் குவளைகளில் தேநீர் வழங்கப்படுவதை அந்த மாணவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' (Laudato Si') என்னும் சுற்றுமடலின், அதாவது திருத்தந்தை எழுதும் போதனைக் கடிதத்தின், 211-ஆம் பத்தி, பிளாஸ்டிக்கையும் காகிதத்தையும் குறைத்தல், தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துதல், குப்பையைத் தரம் பிரித்தல், உண்ணக்கூடிய அளவே சமைத்தல், தேவையற்ற விளக்குகளை அணைத்தல் போன்ற எளிய செயல்களையே குறிப்பிடுகிறது. இவை எல்லாம் ஒரு பள்ளியில் பெரியவர்களின் கையில் இருப்பவை என்பதைக் கவனியுங்கள்.

'இதெல்லாம் அண்மைக் காலத்து ஆர்வம், நம் விசுவாசத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு' என்று கேட்கும் சக ஆசிரியர்கள் நிச்சயம் இருப்பார்கள். அவர்களுக்குப் பொறுமையாக விடை சொல்ல வேண்டும். அசிசியின் புனித பிரான்சிஸைச் சூழலியலின் பாதுகாவலராகத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அறிவித்தது 1979-இல். 1990-ஆம் ஆண்டின் உலக அமைதி நாள் செய்தியையும் அவர் படைப்பு முழுவதோடும் கொள்ள வேண்டிய அமைதியைப் பற்றியே எழுதினார். விவிலியத்தின் முதல் நூலான தொடக்கநூலின் முதல் அதிகாரத்தில் வரும், மண்ணுலகை ஆளும்படியான கட்டளையை, இரண்டாம் அதிகாரத்தில் தோட்டத்தைப் பண்படுத்தவும் பாதுகாக்கவும் மனிதர் வைக்கப்பட்டதாகச் சொல்லும் 15-ஆம் வசனத்தோடு சேர்த்தே படிக்க வேண்டும் என்பதும் சுற்றுமடலின் விளக்கம்தான். அதன் 217-ஆம் பத்தி இன்னும் நேரடியாகப் பேசுகிறது: செபவாழ்வில் ஈடுபாடுள்ள கிறிஸ்தவர்களிலேயே சிலர் சுற்றுச்சூழல் அக்கறையை ஏளனம் செய்வதையும், வேறு சிலர் தம் பழக்கங்களை மாற்ற முன்வராமல் இருப்பதையும் மறைக்காமல் சுட்டிக்காட்டி, இருவருக்குமே சூழலியல் மனமாற்றம், அதாவது படைப்போடு கொள்ளும் உறவில் நம்பிக்கை வெளிப்படும்படியான மாற்றம், தேவை என்கிறது. ஆசிரியர்களின் தியான நாளில் இந்த ஒரு பத்தியை வாசித்து அமைதியாகச் சிந்திக்க அரைமணி நேரம் கொடுத்தால், நீண்ட உரை ஒன்றைவிட அது ஆழமாகச் செல்லும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆனால் ஊழியர்கள் என்றால் ஆசிரியர்கள் மட்டுமல்லர்; நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது இதைத்தான். பூமியின் அழுகுரலையும் ஏழைகளின் அழுகுரலையும் பிரிக்காமல் கேட்க வேண்டும் என்று சுற்றுமடலின் 49-ஆம் பத்தி சொல்வதைப் பள்ளி வளாகத்துக்குள் பொருத்திப் பாருங்கள். உணவுக் கழிவும் உடைந்த கண்ணாடியும் ஒரே தொட்டியில் கலந்து போடப்பட்டால், அதைக் கையால் பிரிப்பவர் துப்புரவுப் பணியாளர். எந்தக் குழாய் ஒழுகுகிறது, எந்த வகுப்பறையில் மாலைவரை மின்விசிறி ஓடுகிறது, எவ்வளவு உணவு மீந்து கொட்டப்படுகிறது என்பதெல்லாம் அவருக்கும் சமையலருக்கும் காவலருக்கும் தெரிந்த அளவு நிர்வாகத்துக்குத் தெரியாது. அவர்களை அழைக்காமல் நடத்தும் கூட்டத்தில் எடுக்கும் முடிவு தாளில்தான் நிற்கும். அழைத்து, உட்காரவைத்து, முதலில் அவர்களைப் பேசவிடுங்கள். பிரித்துப் போடும் பொறுப்பு மற்ற எல்லாருக்கும் உரியது என்பதை அவர்கள் முன்னிலையிலேயே முடிவு செய்யுங்கள். இதை நிர்வாக ஒழுங்காக மட்டும் பார்க்க வேண்டாம். பிறரன்பின் கடமையும் அதில் அடங்கியுள்ளது.

பிற சமயத்தவரைப் பற்றிய உங்கள் தயக்கத்துக்குச் சுற்றுமடலிலேயே வழி இருக்கிறது. இந்தக் கோளில் வாழும் ஒவ்வொருவரோடும் பேச விரும்புவதாக அதன் தொடக்கத்திலேயே திருத்தந்தை கூறுகிறார். முடிவில் இரண்டு மன்றாட்டுகளைத் தந்து, முதலாவதைப் படைத்தவராகிய கடவுளை நம்பும் எல்லாரோடும் பகிர்ந்துகொள்ளலாம் என்றும், இரண்டாவது கிறிஸ்தவர்களுக்குரியது என்றும் வேறுபடுத்துகிறார். பொதுக் கூட்டங்களில் முதல் மன்றாட்டைப் பயன்படுத்துங்கள். படைப்பைப் பற்றித் தம் மரபு சொல்வதைப் பகிருமாறு மற்றவர்களையும் கேளுங்கள். விரும்பாதவரை வற்புறுத்த வேண்டாம்.

படைப்புக்காகக் கிறிஸ்தவர்கள் செபித்துச் செயல்படும், செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 4 வரையிலான 'படைப்பின் காலம்' இந்தப் பணியைத் தொடங்குவதற்கு ஏற்றது. சுற்றுமடலைச் செயல்படுத்துவதற்காக வத்திக்கான் 2021-இல் தொடங்கிய 'இறைவா உமக்கே புகழ்' செயல்தளத்தில் பள்ளிகளும் சேரலாம். அதன் ஏழு இலக்குகள் திட்டமிட உதவும். படிவங்களை நிரப்பும் வேலை மட்டும் ஒரே ஆசிரியரின் தலையில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் கூட்டத்துக்கு 211, 217 ஆகிய பத்திகளின் நகல்களும், கடந்த ஆண்டின் மின்கட்டண, தண்ணீர்க் கட்டண ரசீதுகளும் போதும். தாளாளரும் தலைமையாசிரியரும் கட்டாயம் இருக்க வேண்டும், ஏனெனில் என்ன வாங்குவது, எதை நிறுத்துவது என்று முடிவெடுக்கும் அதிகாரம் அவர்களிடமே உள்ளது. அந்தக் கல்வியாண்டுக்கு ஒரே ஒரு மாற்றத்தைத் தேர்ந்தெடுத்து, மாதந்தோறும் அதன் நிலையை எல்லா ஊழியர்கள் முன்னிலையிலும் வாசியுங்கள்.