சக்கை வராத வருஷம்

அன்புள்ள சார்,

திருவட்டாறு பக்கம் இருக்கிறேன். வயது 54. கணவர் மஸ்கட்டில், மகள் பெங்களூருவில். தினமும் ராத்திரி இரண்டு பேரும் வீடியோ காலில் வருவார்கள். போனை வைத்ததும் வீடு இன்னும் பெரிசாகிவிடுகிறது. பக்கத்து வீட்டுக்காரர்களும் இப்போது முகம் கொடுப்பதில்லை. எல்லாம் இருந்தும் இப்படித் தோன்றுகிறதே, நான் நன்றிகெட்டவளா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நன்றிகேடு ஒன்றும் இல்லை. ராபர்ட் வெய்ஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-இல் தனிமையை இரண்டாகப் பிரித்தார். மனசுக்கு நெருக்கமான ஆள் இல்லாத தனிமை ஒன்று. அக்கம்பக்கம், கூட்டாளி என்று நாலு பேர் இல்லாத தனிமை இன்னொன்று. ஒன்றை வைத்து மற்றதை நிரப்ப முடியாது என்பது அவர் கட்சி. கணவரும் மகளும் முதலாவதைப் பார்த்துக்கொள்கிறார்கள். இரண்டாவதற்கு அவர்கள் விடியவிடியப் பேசினாலும் காணாது.

நம் குமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கம் இதற்குத் தோதான இடம். தெருவாக வீடு கிடையாது. அவரவர் விளையில், ரப்பருக்கும் தென்னைக்கும் நடுவில் ஒவ்வொரு வீடு. முன்பெல்லாம் வேலிதான், அதில் ஒரு ஆள் நுழைகிற இடைவெளி எப்போதும் இருக்கும். வெளிநாட்டுப் பணம் வந்ததும் காம்பவுண்டு சுவர் எழும்பியது. (என் வீட்டிலும் உண்டு.)

'முகம் கொடுப்பதில்லை' என்கிறீர்களே, அங்கேதான் எனக்குச் சந்தேகம். ஜான் கசியோப்போ என்ற உளவியலாளர் தனிமையைப் பசி, தாகம் போல உடம்பு காட்டும் அறிகுறி என்றார். ஆனால் பசித்தவன் சோற்றைச் சந்தேகப்படுவதில்லை. தனிமை நீண்டால் மனுஷரைச் சந்தேகப்படத் தொடங்குவோம். இதையும் அவர்தான் சொன்னார்.

என் கதையைக் கேளுங்கள். பின்வீட்டிலிருந்து வருஷாவருஷம் ஒரு வருக்கைச் சக்கை (பலாப்பழம்) வரும். 2018-இல் வரவில்லை. நான் வீட்டில் தனியாக இருந்த காலம். எதற்குக் கோபம், யார் என்ன சொன்னார்கள் என்று மூன்று மாதம் கணக்குப் பார்த்தேன். வழியில் கண்டால் நானே திரும்பிக்கொண்டேன். கடைசியில் ஒரு மரண வீட்டில் அந்த அம்மாவே பேசினார். சக்கை மரம் முந்தைய நவம்பரில் ஒக்கிப் புயலோடு போய்விட்டதாம். "மரம் விழுந்ததை ஒரு வார்த்தை விசாரிக்க வரலியேன்னு எங்களுக்குத்தான் சங்கடம்" என்றார். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மரமே இல்லாமல் போனது எனக்குத் தெரியவில்லை!

அப்புறம் ஒன்று. தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் அது வேறு, டாக்டரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண் 14416-க்கு அழைத்தால் தமிழிலேயே பேசலாம், காசு இல்லை.

மற்றபடி, பக்கத்து வீட்டுக்கு ஒருநாள் போங்கள். பலகாரம் எதுவும் கொண்டுபோக வேண்டாம். வெளிநாட்டுக்காரர் வீட்டுப் பவிசு என்று நினைக்கலாம். எதையாவது கேட்டுப் போங்கள். இரண்டு கொத்து கறிவேப்பிலை போதும். உங்கள் தோட்டத்திலேயே நின்றாலும் கேளுங்கள்.